கூண்டுக்குள் சரக்கு: வளர்ப்புப் பிராணிக் கடைகளும் சட்டமும்

மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தை விட்டு வடக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கிராபோர்டு மார்க்கெட் வந்துவிடும். 1869இல் கட்டப்பட்ட சந்தை அது. மகாத்மா ஜோதிபா புலேயின் பெயர் சூட்டிப் பல ஆண்டுகள் ஆகியும் பழைய பெயரே ஜனங்களின் வாயில் நிற்கிறது. தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் பண்டிகைச் சாமான் வாங்க அங்கே ஒரு தடவையாவது போகாத தமிழ்க் குடும்பம் அரிது. பழக்கடை, மசாலாக் கடை எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் வாடை மாறும். பல தலைமுறைகளாக அங்கே பிராணி வியாபாரம் நடந்து வந்திருக்கிறது. மார்க்கெட்டைப் புதுப்பிக்கும் வேலைகளில் கடைகள் இடம் மாறலாம். ஆனால் தொழில் நடக்கும் விதம் நாட்டின் எல்லாப் பெரிய நகரங்களிலும் ஒன்றுதான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கம்பிக் கூண்டுகள்; மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டில் விழும். நாய்க்குட்டி, முயல், வெள்ளெலி, 'லவ் பேர்ட்ஸ்', பிளாஸ்டிக் பையில் மீன்.

மார்க்கெட்டுக்கு எதிரே, சாலையைக் கடந்தால், மாநகரப் போலீஸ் கமிஷனர் அலுவலகம்.

உயிருள்ள பிராணிகளைக் கடையில் வைத்து விற்கலாமா என்ற கேள்வி அண்மைக் காலத்தில் நீதிமன்றங்களிலும் அரசாங்கக் கோப்புகளிலும் அடிக்கடி தலைகாட்டுகிறது. இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்குவது சரியல்ல. பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் தொழிலாளியின் பிள்ளையும் கிளி கேட்கிறது. ஆபீஸ் குமாஸ்தாவின் வீட்டு அலமாரி மேலும் மீன் தொட்டி இருக்கிறது. அறியாமல் வாங்கிய ஒரு பச்சைக்கிளிக்காக அந்தக் குமாஸ்தா வனத்துறையிடம் பதில் சொல்ல நேரிடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

விலையும் வைத்தியச் செலவும்

கடைக்காரர்கள் எல்லோரும் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. கடையிலேயே படுத்துறங்கி, விடியற்காலையில் கூண்டு கழுவி, தீனி வைக்கும் பையன்கள் பெரும்பாலும் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பிராணிகளிடம் உண்மையான பிரியம் உள்ளவர்களும் உண்டு. கோளாறு அவர்களுடைய மனத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

ஒரு ஜோடி 'லவ் பேர்ட்ஸ்' சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் ஒன்று சிறகைப் பொம்மெனப் புடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால், டாக்டரிடம் கொண்டு போகும் செலவு பறவையின் விலையைத் தாண்டிவிடும். சில பத்து ரூபாய் பெறும் மீனுக்கோ வைத்தியம் என்ற பேச்சே கிடையாது. எந்த வியாபாரியும் ஐம்பது ரூபாய்ச் சரக்கைக் காப்பாற்ற ஐந்நூறு ரூபாய் செலவிட மாட்டான். ஆகவே நோயுற்றது சாகும். சாவை விலையில் ஏற்றி வைப்பார்கள். தக்காளிக் கூடையில் அழுகல் போக மீதியை விற்பது போலத்தான் இதுவும். தக்காளிக்கு அது நியாயம். வலியும் பசியும் உணரும் உயிருக்கும் அதே கணக்கா என்பதுதான் இங்கே எழும் கேள்வி.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாயக் கோழிக்குஞ்சே சாட்சி. ரயில் நிலைய வாசலிலும் திருவிழாக் கடைகளிலும் சிவப்பு, பச்சை, ஊதா நிறங்களில் கூடை நிறையக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருப்பதைப் பார்க்காதவர் யார்? முட்டைக் கோழி வளர்ப்பில் ஆண் குஞ்சுக்கு வேலை இல்லை. அது முட்டையும் இடாது. கறிக் கோழியைப் போல வேகமாகச் சதையும் வைக்காது. பொரிப்பகத்தில் பிறந்த அன்றே கழிக்கப்படும் அந்தக் குஞ்சு, சாயம் பூசினால் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. முதல் சில வாரங்கள் கோழிக்குஞ்சுக்குச் சூடு தேவை. தாயின் இறக்கையோ விளக்கின் வெப்பமோ இல்லாமல் அட்டைப்பெட்டியில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். குழந்தை அழும், மறுவாரம் வேறு நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுப்பார்கள்.

1960இன் ஐம்பது ரூபாய்

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதில் தமிழகத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. ராஜ்ய சபையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களின் தொடக்கத்தில் பிராணி வதைத் தடுப்புக்காகத் தனி நபர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அப்படிப் பிறந்ததுதான் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இயங்கியது. பின்னர் அரியானாவுக்குப் போயிற்று.

அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் படித்தால் கிராபோர்டு மார்க்கெட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது போலிருக்கும். நகர இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம். பட்டினியாலோ தாகத்தாலோ நெரிசலாலோ துன்புறும் பிராணியை விற்பனைக்கு வைப்பதும் குற்றம். எல்லாம் சரி, தண்டனை? முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

1960இல் 50 ரூபாய் ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் வலிக்கக்கூடிய பகுதி. இன்றைக்கு இரண்டு வடா பாவும் ஒரு கட்டிங் சாயும் சாப்பிட்டால் மீதி சில்லறைதான் வரும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உச்சவரம்பை எந்த அரசாங்கமும் உயர்த்தவில்லை. 2022இல்தான் அபராதத்தை உயர்த்தும் வரைவு ஒன்றை மத்திய அரசு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. விலையை விட வைத்தியச் செலவு அதிகம். வைத்தியச் செலவை விட அபராதம் மிகக் குறைவு. வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

எட்டு வாரக் கணக்கு

2015 ஆகஸ்டில் சட்டக் கமிஷன் தனது 261ஆவது அறிக்கையில் இந்தக் கடைகளைக் கவனித்தது. ஒழுங்குமுறை எதுவுமின்றி நடக்கும் வியாபாரம் இது, விதிகள் தேவை என்று அது பரிந்துரைத்தது. அதையொட்டி 2017 மே 23 அன்று நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் வெளிவந்தன. அதே நாளில் மாட்டுச் சந்தை விதிகளும் வந்தன. நாடு முழுவதும் மாட்டைப் பற்றியே பேசிற்று. மாட்டிறைச்சி அரசியல், ஊர்வலங்கள், நீதிமன்றத் தடை என்று வாரக்கணக்கில் அமளி. அந்தச் சந்தடியில் நாய்க்குட்டிகளைப் பற்றிய விதிகளைப் படித்தவர்கள் சிலரே.

2018 செப்டம்பரில் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகள் தனியாக வந்தன. இதன்படி மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் யாரும் கடை நடத்தக் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ விற்கக் கூடாது. எது, எங்கிருந்து வந்தது, யாருக்கு விற்கப்பட்டது என்று கணக்கு வைக்க வேண்டும்.

எட்டு வாரம் என்பது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அல்ல. பிறந்தவுடன் குடிக்கும் தாய்ப்பாலிலிருந்துதான் குட்டிக்கு நோயைத் தடுக்கும் சக்தி வருகிறது. அது தேய்ந்து, தடுப்பூசியின் பலன் வரத் தொடங்கும் இடைக்காலம் ஒன்று உண்டு. அந்த வாரங்களில்தான் பார்வோ என்ற வைரஸ் நோய் தாக்குகிறது. வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகக் குட்டி இரண்டொரு நாளில் போய்விடும். கடைக்காரருக்கோ நாலு வாரக் குட்டிதான் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பஞ்சுப் பொதியைப் பார்த்தவுடன் வாங்குபவர் பையில் கை விடுவார். மூன்று மாதக் குட்டியைப் பார்த்தால் யோசிப்பார். நோய் தொற்றியதும் உடனே வெளியே தெரிவதில்லை. அறிகுறி தோன்றச் சில நாட்கள், சில வேளை ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் குட்டி கைமாறி, சால் வீட்டுக்கு வந்து, பெயர் வைக்கப்பட்டுவிடும். பிறகு பரேலில் இருக்கும் பழைய மிருக ஆஸ்பத்திரிக்கு, 'பைல் கோடா' ஆஸ்பத்திரி என்று மும்பைவாசிகள் சொல்லும் இடத்துக்கு, துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது வாங்கியவர்தான். கடைக்காரர் விற்றபோது 'நன்றாக இருந்ததே' என்பார். அதுவும் பொய்யாக இருக்காது.

இனப்பெருக்கம் செய்பவர்களின் கொட்டகைகளோ யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு பெட்டை நாயை எத்தனை தடவை ஈனவிடலாம், எந்த வயது முதல் எந்த வயது வரை என்றெல்லாம் 2017 விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. கடையின் கண்ணாடிக்குள் இருக்கும் குட்டியைப் பார்த்து அதன் தாய் எத்தனையாவது ஈற்றில் இருக்கிறாள் என்று யார் சொல்ல முடியும்? 2003இல் ஒரு செல்போன் கம்பெனியின் விளம்பரத்தில் சப்பை மூக்குப் 'பக்' நாய் ஒன்று சிறுவன் பின்னால் ஓடிற்று. நாடே அந்த நாய்க்கு அலைந்தது. சப்பை மூக்கின் காரணமாகவே அந்த இனத்துக்கு மூச்சு விடச் சிரமம் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் சைபீரிய நாய் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மின்விசிறிக்கே தவம் கிடக்கும் ஊரில் பனிப் பிரதேச நாய்!

விதிகள் வந்த கதை இப்படி. நடைமுறை வேறு. மாநில வாரியம்தான் பதிவு செய்ய வேண்டும். விதி வந்த சமயத்தில் பல மாநிலங்களில் அந்த வாரியமே முறையாக அமைந்திருக்கவில்லை. பதிவு செய்யும் அலுவலகம் எழும்பாத ஊரில், பதிவு இல்லாத கடையை யார் மூடுவது? போலீசுக்கோ வேறு ஆயிரம் ஜோலி.

கிளியும் ஜோசியமும்

நாய்க்குட்டி விஷயம் ஒழுங்குமுறையைப் பற்றியது. கிளி விஷயம் அப்படியல்ல, நேரடியாகவே குற்றம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 1990-91 முதல் இந்தியாவில் இயற்கையாக வாழும் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் முற்றாகத் தடை செய்யப்பட்டன. பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, மைனா, சிவப்புச் சில்லை எல்லாம் இதில் அடக்கம். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த சட்டத்தில் பச்சைக்கிளி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பவருக்கு மட்டும் அல்ல. கூண்டில் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

கிளிக்குஞ்சு எங்கிருந்து வருகிறது? கிளி மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. குளிர்காலம் முடிந்து கோடை தொடங்கும் மாதங்களில், மயிர் முளைக்காத குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுப்பார்கள். கை நுழையாவிட்டால் பொந்தையே வெட்டிப் பிளப்பார்கள். குஞ்சும் போகிறது, அடுத்த ஆண்டுக்கான வீடும் போகிறது. கூடையில் நெருக்கி அடைத்து, ரயிலிலும் பஸ்ஸிலும் கைமாறிக் கைமாறி நகரத்துக்கு வரும்போது எத்தனை மிஞ்சுமோ அத்தனை விற்பனைக்கு. பறந்துவிடாமலிருக்க இறக்கையை வெட்டுவார்கள். சாதாரணச் சில்லைகளுக்குச் சாயம் பூசி வேறு பறவை என்று விற்பதும் உண்டு. இந்த வியாபாரத்தைப் பல ஆண்டுகள் சந்தை சந்தையாகச் சென்று ஆராய்ந்த அப்ரார் அகமதுவின் ஆய்வுகள் இவற்றையெல்லாம் 1990களிலேயே வெளியே கொண்டு வந்தன.

தமிழர்களுக்குக் கிளி வெறும் வளர்ப்புப் பறவை அல்ல. மதுரை மீனாட்சி கையிலும் ஆண்டாள் தோளிலும் இருப்பது கிளி. பிழைப்புக்கும் அது உதவியது. சீட்டு எடுத்துக் கொடுக்கும் கிளியோடு ஊர் ஊராகப் போன ஜோசியர்களில் பலர் தமிழகத்தவர்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி நிச்சயம் என்று கிளி ஜோசியம் சொன்னவர் செய்தியில் வந்தார். வந்த சூட்டில் வனத்துறை அவரைப் பிடித்தது, கிளிகள் பறிமுதலாயின, எச்சரித்து விடுவித்தார்கள். ஜோசியம் பலித்ததா என்றால், அந்த வேட்பாளர் தோற்றார் என்பதே விடை. அரசியல் சண்டையில் அந்தச் செய்தி வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அதில் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பரம்பரையாக வேறு தொழில் தெரியாத ஓர் ஏழையைப் பிடிக்க ஒரு நாள் போதும். மொத்த வியாபாரியைப் பிடிக்க எத்தனை ஆண்டுகள்? சோதனைகள் நடக்காமல் இல்லை. மும்பை, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத் சந்தைகளில் அவ்வப்போது கூண்டுகள் பறிமுதலாகிப் பத்திரிகையில் படம் வருகிறது. சில வாரங்களில் கடை மீண்டும் திறந்துவிடுகிறது. கிளி முன்னால் வைக்கப்படுவதில்லை; 'வேண்டுமா?' என்று காதோடு கேட்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரக்கமும் வியாபாரத்துக்கு உதவுகிறது என்பது இதில் இன்னொரு விசித்திரம். கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுவது புண்ணியம் என்று நம்புகிறவர்கள் மும்பையில் ஏராளம். அவர்கள் மனம் நல்ல மனம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வியாபாரிக்கு அவர்களும் வாடிக்கைக்காரர்களே. காலையில் பத்துப் பறவை விற்றால் மாலையில் வலைக்காரனுக்குச் சொல்லி அனுப்புவான். இறக்கை வெட்டுப்பட்டு, நாள்கணக்காகப் பட்டினி கிடந்து, தான் பிறந்த காட்டுக்குச் சம்பந்தமில்லாத நகரத்தில் விடப்பட்ட பறவை எத்தனை தூரம் போகும்? காக்கையும் பருந்தும் காத்திருக்கின்றன.

நீதிமன்றங்களின் குரலும் ஒன்றாக வளர்ந்து வந்திருக்கிறது. பறவைகளைக் கூண்டில் அடைப்பது அவற்றின் சுதந்திரத்தைப் பறிப்பது என்று 2011இல் குஜராத் உயர்நீதிமன்றம் கூறியது. வானில் பறப்பது பறவைகளின் உரிமை, வியாபாரம் செய்ய மனிதனுக்கு உரிமையில்லை என்ற கருத்தை 2015இல் டெல்லி உயர்நீதிமன்றம் வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஜல்லிக்கட்டு வழக்கில் உச்சநீதிமன்றம், பசி, வலி, அச்சம் இவற்றிலிருந்து விடுதலை உள்ளிட்ட ஐந்து சுதந்திரங்கள் பிராணிகளுக்கு உண்டு என்று விரிவாக எழுதிற்று. ஜல்லிக்கட்டு பற்றிய முடிவு 2023இல் அரசியல் சாசன பெஞ்சு தீர்ப்பால் மாறியது தமிழர்கள் அறிந்ததே. காளைக்காகக் கடற்கரையில் திரண்ட கூட்டமும் அதை எதிர்த்தவர்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். கூண்டில் செத்த கிளிக்காக இரு தரப்பிலும் அவ்வளவு பேர் பேசவில்லை.

நாணயம் அளவு ஆமை

மீன் கடைகளில் நாணயம் அளவில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஆமைக்குஞ்சு ஒன்றை விற்பார்கள். சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் நீந்தும். வீட்டில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்றும் சொல்வார்கள். ஊரில் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். பட்டணத்தில் அதுவே அதிர்ஷ்டமாகிவிட்டது! அமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஆமை நாணயம் அளவிலேயே நிற்பதில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும். முப்பது ஆண்டு கூட உயிர் வாழும். அதன் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். குழந்தைகள் கையில் எடுத்து விளையாடிவிட்டு வாயில் விரல் வைத்தால் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்கு 1975இலேயே தடை வந்தது. இங்கே என்ன நடக்கிறது? டப்பா போதாமல் போனதும் ஏரியிலோ கோவில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். அங்கே அது நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

நம் நாட்டு நட்சத்திர ஆமையின் கதி நேர்மாறு. ஆந்திரம், தமிழகம், கர்நாடகத்து வறண்ட காடுகளிலிருந்து பிடித்து, பெட்டிகளில் அடைத்துச் சென்னை வழியாகக் கடல் கடந்து கொண்டு போனார்கள். 2019இல் சர்வதேச உடன்படிக்கையில் அதற்கு உச்ச பாதுகாப்பு கிடைத்தது. திரும்பி வரும் விமானத்தில் பாங்காக்கிலிருந்து மலைப்பாம்பும் பல்லியும் குட்டிக் குரங்கும் வருகின்றன; சுங்க அதிகாரிகள் சூட்கேசைத் திறந்து பிடிக்கும் செய்தி சென்னை, மும்பை, பெங்களூர் விமான நிலையங்களிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு அரிய பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. இது பணம் படைத்தவர்களின் சந்தை. இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

கொளத்தூர் சொல்லும் நியாயம்

வியாபாரிகள் தரப்பைக் கேட்காமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. சென்னையின் கொளத்தூர் வட்டாரத்தில் அலங்கார மீன் வளர்ப்பு பெரிய குடிசைத் தொழில். கொல்லைப்புறத்துச் சிமென்டுத் தொட்டிகளில் மீன் வளர்த்து எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் அந்த மீன்கள் நாடெங்கும் போகின்றன. 2017இல் மீன் தொட்டிக் கடைகளுக்கும் விதிகள் வந்தபோது அவர்கள் கொதித்தெழுந்தார்கள். பின்னர் அந்த விதிகளே திரும்பப் பெறப்பட்டன. அவர்கள் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. கறிக்காக மீனைக் கூடை கூடையாகக் கொல்லும் நாட்டில், தொட்டியில் தீனி போட்டு வளர்ப்பதற்கு மட்டும் இத்தனை நிபந்தனையா என்று கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளரும் ஆஸ்திரேலியப் பறவையை வெளியே விட்டால் ஒரு நாள் கூடத் தாங்காதே என்பது பறவை வளர்ப்போர் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகள். காட்டிலிருந்து திருடிய கிளியையும் தொட்டியில் பிறந்த மீனையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எனினும் பிழைப்பு என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிடாது. கண்ணாடி போல் உடல் தெரியும் சிறு மீனுக்குள் ஊசியால் சாயம் ஏற்றி 'வண்ண மீன்' என்று விற்பது எந்தப் பிழைப்பின் அவசியம்? உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீனை விட்டால், அதன் கழிவே தண்ணீரில் அம்மோனியாவாக மாறி அதைக் கொல்லும். விற்பவருக்கு இது தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. பெரிய தொட்டி வேண்டும் என்று உண்மையைச் சொன்னால் வியாபாரம் குறையும். சொல்லாவிட்டால் மாதம் ஒரு தடவை மீன் வாங்க அதே ஆள் வருவார்.

நாய், பூனை விஷயத்தில் வேறு நாடுகள் ஒரு தெளிவுக்கு வந்துவிட்டன. கலிபோர்னியா 2019 முதல், ஆதரவில்லா விலங்குகளைக் காக்கும் இல்லங்களிலிருந்து வந்த நாய், பூனை, முயல்களை மட்டுமே கடைகள் கொடுக்கலாம் என்றது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை வளர்த்தவரைத் தவிர இடைத்தரகர் விற்க முடியாது. பிரான்சில் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்பனை கிடையாது. கடையை மூடினால் வியாபாரம் செல்போனுக்குள் போய்விடும் என்ற அச்சம் அங்கும் இருந்தது; இங்கோ ஏற்கெனவே போய்விட்டது. ஆனாலும் கடைக்கு ஒரு தனிக் கோளாறு உண்டு. கடை என்றால் எப்போதும் கையிருப்பு வேண்டும். உயிருக்குக் கையிருப்பு என்றால் கூண்டு நிறைந்திருக்க வேண்டும் என்று பொருள். விற்காத குட்டி வளரும். வளர்ந்தால் விலை இறங்கும். இறங்கினால் என்ன ஆகும் என்று எந்தக் கடைக்காரரும் வாய் திறப்பதில்லை. வளர்ப்பவரின் வீட்டில், தாயோடு இருக்கும் குட்டியைப் பார்த்து வாங்குவதில் இந்த நெருக்கடி பெருமளவு இல்லை. ஆகவே கடையில் நாய், பூனை விற்பனையை நிறுத்துவதால் யாருடைய நியாயமான பிழைப்பும் கெட்டுவிடாது. மீனுக்கும் கூண்டிலேயே பிறந்த பறவைக்கும் விதி வேண்டும்; ஆனால் கொளத்தூர்க்காரர்களையும் உட்கார வைத்துப் பேசி எழுதப்பட்ட விதியாக அது இருக்க வேண்டும். கிளி, மைனா, நட்சத்திர ஆமை விஷயத்தில் பேசவே ஒன்றும் இல்லை.

தெரு நாய்களைப் பற்றி 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டு, அதே மாதத்தில் அதைத் திருத்தவும் செய்தது. நாடெங்கும் வாதப் பிரதிவாதம். அந்த வாதத்தின் நடுவேயும் கடைகளில் குட்டிகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. சலித்துப்போன வாங்குபவர் தெருவில் விட்ட ஜாதி நாய்களும் அந்தத் தெரு நாய்க் கணக்கில்தான் சேருகின்றன.

வாங்குபவர் கையில் ஒன்று இருக்கிறது. கடையின் பதிவுச் சான்று எங்கே என்று கேட்கலாம். குட்டியின் வயதுக்கும் தடுப்பூசிக்கும் எழுத்தில் ஆதாரம் கேட்கலாம். நூறு பேரில் பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சான்று வாங்கி மாட்டுவார், ஏனெனில் அவருக்குப் போலீசை விட வாடிக்கைக்காரர் முக்கியம். வீட்டில் ஏற்கெனவே கிளி இருக்கிறதென்றால் ஜன்னலைத் திறந்து விரட்டிவிடக் கூடாது, அது செத்துப்போகும். வனத்துறையிடமோ, மீட்பு இல்லத்திடமோ ஒப்படைப்பதே வழி.

ஒப்படைத்த பிறகும் கிளிக்கு உடனே விடுதலை கிடைப்பதில்லை. வெட்டிய இறகு தானாக வளர்வதில்லை; பழைய அடித்தண்டு உதிர்ந்து புதிய இறகு முளைக்க மாதங்கள் ஆகும். வழக்கு முடிய அதைவிட அதிக காலம் ஆகலாம். அதுவரை போலீஸ் பதிவேட்டில் அந்தக் கிளி 'முத்தேமால்', அதாவது வழக்குச் சரக்கு. 2017 மே 23 அன்று வந்த விதிகளில், பறிமுதலான பிராணிகளைப் பராமரிப்பது பற்றியும் ஒன்று உண்டு. அதன் தலைப்பிலேயே அவற்றுக்கு 'வழக்குச் சொத்துப் பிராணிகள்' என்றுதான் பெயர்.